லேப்டாப்புக்கு வந்த நோயாளிகள்

அன்புள்ள ஐயா,

கோவையில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனமொன்றில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு பில்லிங் பிழையைத் தேடச் சொல்லி, ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸை (நிஜ நோயாளிகளின் பதிவுகள் உள்ளதை) அப்படியே என் லேப்டாப்பில் இறக்கிக் கொடுத்தார்கள். பெயர், போன் நம்பர், நோய் எல்லாம் இருக்கிறது. எங்கள் தெரு அக்கா ஒருவரும் இருக்கிறார். இப்போது அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. டீம் லீடிடம் சொன்னால், "நாம என்ன விக்கவா போறோம்?" என்று சிரிக்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இல்லை. மருத்துவரிடம் மட்டும் அந்த அக்கா சொன்னது உங்களிடம் வந்துவிட்டது. விற்றால்தான் தப்பு என்றில்லை.

நானும் இந்தத் தொழிலில் வெகுகாலம் குப்பை கொட்டியவன். ஒரு கடன் நிறுவனத்துக்கு வேலை செய்தபோது, நிஜ வாடிக்கையாளர் பட்டியலை வைத்தே டெஸ்ட் செய்தோம். எஸ்எம்எஸ்ஸை நிறுத்த மறந்துவிட்டேன். நள்ளிரவில் பல பேருக்கு "தவணை தவறிவிட்டது" என்று போய்விட்டது. காலையில் ஒரு பெரியவர் எல்லா ரசீதையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளை வாசலில் நின்றார். ஒரு தவணைகூடத் தவறாதவர். அந்த நகலில் போன் நம்பர் இருந்திருக்கவே தேவையில்லை.

பில்லிங் பிழைக்குத் தொகை, தேதி, அறை வகை போதுமே. பெயரையும் நம்பரையும் மாற்றி, நோய் விவரத்தை நீக்கித் தர ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் போதும். அரை நாள் வேலை.

"நம்ம டீம்தானே" என்பார்கள். ஊபரிலும் தரவுகளைத் திறக்கும் சாவி கோடுக்குள்தான் இருந்தது, கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில், வெளியார் பார்க்க முடியாத பகுதியில். 2016இல் அதை எடுத்துத்தான் 5.7 கோடிப் பேரின் விவரங்களை அள்ளினார்கள். பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவன் திருடியவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து, பிழை கண்டுபிடித்ததற்கான பரிசு என்று பெயர் வைத்து மூடப் பார்த்தார். 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது.

உங்கள் டீம் லீடுக்கு அக்கா கதை உறைக்காது. நம் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும் என்று சொல்லிப் பாருங்கள், அது உறைக்கும். வாயால் சொன்னதை ஒரு மெயிலாகவும் போட்டுவிடுங்கள். அப்புறம் அந்த நகலை அழியுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் இன்னொன்று கிடக்கும், பாருங்கள்.

அக்காவிடம் வழக்கம்போலப் பேசுங்கள். நீங்கள் ஒதுங்கினால் அவர் ஏன் என்று கேட்பார்.