இங்கிலாந்தில் கால்வாய்ப் படகை வாடகைக்கு எடுத்துக் கணவன் மனைவி இருவர் மட்டும் ஓட்டிப் போக முடியுமா?

முடியும். இருவருக்குமே படகு ஓட்டத் தெரியாது என்பதால்தான் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். எங்களுக்கும் தெரியாது. உரிமம் கேட்க மாட்டார்கள்; புறப்படும் முன் கொஞ்ச நேரம் சொல்லித் தருவார்கள், அவ்வளவுதான். ஆனால் டில்லரை (படகைத் திருப்பும் பின்பக்கக் கைப்பிடி) யார் பிடிப்பது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாங்கள் கவென்ட்ரியில் இருக்கிறோம். இருபதாவது திருமண நாளுக்கு ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில், நாப்டனிலிருந்து பான்பரி போய்த் திரும்ப ஒரு வாரம் எடுத்தோம். படகு 57 அடி நீளம். அகலம் 7 அடிகூட இல்லை. டில்லரை இடது பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலது பக்கம் போகும். கார் ஓட்டிப் பழகிய என் கை கேட்கவே இல்லை. முதல் அரை மணியில் ஒரு பாலத்தையும் இரண்டு நாணல் புதர்களையும் முட்டினேன். மனைவி ஒன்றும் பேசாமல் வந்து டில்லரை வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, அதனால்தான் சட்டென்று பிடிபட்டது என்பது என் கட்சி.

அப்புறம் லாக் (படகை மேட்டில் ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) வேலை முழுக்க என்னுடையது. நாப்டன் மேட்டில் ஒன்பது லாக். ஒவ்வொன்றிலும் இறங்கி, கைப்பிடியால் மதகைச் சுற்றித் திறந்து, தொட்டியில் தண்ணீர் மட்டம் சமமாகும்வரை காத்திருந்து, கதவுக் கட்டையை முதுகால் தள்ள வேண்டும். (பெண்களால் முடியாது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து சண்டைக்கு வராதீர்கள்.)

மேலே ஏறிவிட்டால் 11 மைலுக்கு லாக்கே கிடையாது. கால்வாய் வெட்டும் செலவைக் குறைக்க பிரிண்ட்லி என்ற பொறியாளர் மேடு பள்ளத்தைத் தவிர்த்து ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்து போகும்படி திட்டம் போட்டிருக்கிறார். நேராகப் போனால் அதில் பாதித் தூரம்கூட இராது. வேக வரம்பு மணிக்கு 4 மைல். நாய் கூட்டிக்கொண்டு நடந்த ஒரு பாட்டி எங்களைத் தாண்டிப் போனார்.

மேட்டின் மறுபக்கம், கிளேய்டன் லாக்குகளில் இறங்கும்போதுதான் பயந்துபோனேன். லாக்கின் மேல் கதவுக்கு அடியில் ஒரு படி நீட்டிக்கொண்டிருக்கும், சில் என்பார்கள். தண்ணீர் வடியும்போது பின்பகுதி அதில் உட்கார்ந்துவிட்டால் மூக்கு கீழே போய்ப் படகே மூழ்கிவிடும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். நான் செம்மறி ஆடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். படகு கோட்டுக்குப் பின்னால் நகர்ந்ததைப் பார்த்து அவள் போட்ட கத்தலில் ஓடிப்போய் மதகை மூடினேன்.

அந்தப் படங்களை வாட்ஸப் குடும்பக் குழுவில் போட்டது என் தப்பு. “இந்தக் காசுக்கு சுவிட்சர்லாந்து போயிருக்கலாமே மாப்பிள்ளை” என்றார் அத்தான். அவர் சுவிட்சர்லாந்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதே சாப்பாட்டுக்குத்தான். அதை யாரும் கேட்பதில்லை.

சரி, ஒன்றை மறந்துவிட்டேன். கழிவறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காலி செய்வதும் டில்லர் பிடிக்காதவர் தலையில்தான் விழும்.