புதுக் கேமராக்காரருக்கு முதல் எடிட்டிங் மென்பொருள் எது?

கேள்வி: 24 மெகாபிக்சல் கேமரா வாங்கியிருக்கிறேன். வீட்டு விசேஷம், கோயில் திருவிழா, பயணம் என்று எடுத்துப் பழகுகிறேன். லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான் இருக்கிறது. போட்டோஷாப் கற்றுக்கொள்ள வேண்டுமா, லைட்ரூம் வாங்கலாமா, இலவச மென்பொருளே போதுமா?

பதில்:

போட்டோஷாப்பை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஃபிலிம் காலத்து ஸ்டூடியோவில் ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போடுவது ஒரு வேலை, முகத்துத் தழும்பை டச்சிங் செய்து மறைப்பது வேறு வேலை. இன்றும் அந்தப் பிரிவினை அப்படியே இருக்கிறது. ரா ஃபைலின் (கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்து ஜேபெக்காகத் தருவது கழுவுகிற வேலை. லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபி எல்லாம் அதற்கானவை. பின்னால் நிற்கும் ஆளை நீக்குவது, இரண்டு படங்களை ஒட்டுவது, ஆல்பம் பக்கம் கட்டுவது எல்லாம் டச்சிங் வகை. அதற்குத்தான் போட்டோஷாப்பும் கிம்ப்பும். புதிதாகப் பழகுபவரின் படங்களில் பெரும்பாலானவை நன்றாகக் கழுவினாலே தேறிவிடும்.

முதலில் கேமரா மெனுவில் படத்தின் தரத்தை ‘ரா + ஜேபெக்’ என்று மாற்றுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384 படிகள். மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த முகத்தைச் சரிசெய்யும்போதும், இருண்ட மூலையைத் தூக்கும்போதும் இந்த வித்தியாசம் தெரியும். ஜேபெக்கில் நிழல் திட்டுத்திட்டாக உடைந்துவிடும். இதற்கு விலை இடம். 24 மெகாபிக்சல் ரா ஒன்று சுமார் 25 முதல் 30 எம்பி வரும், ஒரு கல்யாணத்தில் 500 படம் எடுத்தால் 15 ஜிபி வரை போய்விடும். ஹார்ட் டிஸ்க் வாங்கும் செலவையும் மென்பொருள் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதத்துக்கு என் பரிந்துரை, கேமரா கம்பெனியே இலவசமாகத் தரும் மென்பொருள். கேனானுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிகானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப். ஃபியூஜியின் எக்ஸ் ரா ஸ்டூடியோ சற்று வேறு மாதிரி: கேமராவை யூஎஸ்பியில் இணைத்தால்தான் வேலை செய்யும், கணக்குப் போடுவது கேமராவுக்குள் இருக்கும் பிராசஸரே. இவற்றில் ராவைத் திறந்ததும் கேமராத் திரையில் பார்த்த அதே நிறம் வரும். வேறு மென்பொருளில் திறந்தால் படம் பெரும்பாலும் மங்கலாகத் தெரியும். ராவில் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பலர் பயப்படுவது இந்த இடத்தில்தான். எதுவும் கெடவில்லை, கேமராவின் பிக்சர் ஸ்டைலை (கேமரா தானாகப் போடும் நிற அமைப்பை) மற்ற மென்பொருள்கள் தாமாகப் போடுவதில்லை, அவ்வளவுதான். ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், ஹைலைட், ஷேடோ ஆகிய நான்கையும் இங்கே கைக்குப் பழக்கிவிடுங்கள், எங்கே போனாலும் இதே நான்குதான் முதலில் வரும். குறை என்னவென்றால், படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தும் வசதி இவற்றில் குறைவு. வேறு கம்பெனிக் கேமராவுக்கு மாறினால் அந்த ரா ஃபைல்களை இவை திறக்கவும் செய்யாது.

அதற்கடுத்து உண்மையான தேர்வு: இலவசமாக டார்க்டேபிள் அல்லது ராதெரபி, மாதச் சந்தாவில் லைட்ரூம்.

டார்க்டேபிள் இலவசம் என்பதால் லேசானது என்று நினைத்துவிடாதீர்கள். திறந்ததும் ஏராளமான மாட்யூல்கள் (திருத்தும் கருவிகள்) கண்ணில் படும், மிரண்டு மூடிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஆறு போதும்: எக்ஸ்போஷர், கலர் கேலிபரேஷன், சிக்மாய்டு (மிகை வெளிச்சத்தை அடக்கும் டோன் கருவி), லென்ஸ் கரெக்ஷன், டீநாய்ஸ், கிராப். செட்டிங்ஸில் பிராசஸிங் பகுதிக்குப் போய் சிக்மாய்டு சார்ந்த சீன் ரெஃபர்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எக்ஸ்போஷரை முகம் சரியாகத் தெரியும்வரை ஏற்றுங்கள். அப்போது வானம் வெளுப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், சிக்மாய்டு அதை மடக்கிக் கொண்டுவரும். நிறத்தைக் கலர் கேலிபரேஷனில் மட்டும் மாற்றுங்கள். ஒயிட் பேலன்ஸ் மாட்யூலையும் சேர்த்து நகர்த்தினால் திருத்தம் இரண்டு முறை விழும், மென்பொருளே எச்சரிக்கை காட்டும். இன்னொன்று: பேஸ் கர்வ் என்ற டோன் மாட்யூலை வைத்துத் தொடங்கும் பாடங்கள் யூடியூபில் இன்னும் நிறைய உண்டு. அவை பழைய முறை. சிக்மாய்டு 4.2 பதிப்பில் வந்தது, அதற்குப் பிறகு வந்த பாடங்களைப் பாருங்கள். இரண்டையும் கலந்து செய்தால் படம் ஒரேயடியாகக் கெடும், காரணமும் பிடிபடாது.

ராதெரபியில் ஒரு நல்ல வசதி, ஆட்டோ மேட்ச்டு டோன் கர்வ். ரா ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் சிறிய ஜேபெக்கைப் பார்த்து அதே வெளிச்ச அமைப்பைக் கொண்டுவரும். மங்கல் படத்திலிருந்து தொடங்கும் சோர்வு இல்லை. ஒரு படத்தைப் பொறுமையாகச் செய்பவருக்கு இது சுகம். நூற்றுக்கணக்கான படங்களைத் தரம் பிரித்து அடுக்க டார்க்டேபிளோ லைட்ரூமோதான் வசதி.

லைட்ரூமின் பலம், கற்றுக்கொள்வது எளிது என்பதும் ஆயிரம் படங்களை ஒரே மாலையில் பிரிக்கலாம் என்பதும். வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். லைட்ரூம் கிளாசிக் படங்களை உங்கள் டிஸ்க்கிலேயே வைத்து வேலை செய்யும். வெறும் லைட்ரூம் மேகச் சேமிப்பை மையமாக வைத்தது. மொபைல் டேட்டாவை நம்பியிருப்பவர் 15 ஜிபி ராவை மேலேற்ற ஒரு வாரம் ஆகிவிடும். அவருக்குக் கிளாசிக்தான் சரி. 8 ஜிபி ரேமில் கிளாசிக் ஓடும், ஆனால் திணறும். இறக்குமதி செய்யும்போதே ஸ்மார்ட் பிரிவியூ (ராவின் சிறிய பிரதி) உருவாக்கச் சொல்லி, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்கில் அதை வைத்தே திருத்தும்படி மாற்றினால் வேகம் கூடும். 2023ல் வந்த ஏஐ டீநாய்ஸ் அருமையானதுதான், ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரு படத்துக்கே பல நிமிடம் பிடிக்கும். சந்தாவை நிறுத்தினால் படங்கள் போய்விடுமோ என்று கேட்பவர்களுக்கு: போகாது. படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். டெவலப் (திருத்தும்) பகுதியும் மேப் பகுதியும் பூட்டிக்கொள்ளும். ஆனால் லைட்ரூமில் செய்த திருத்தங்களை டார்க்டேபிளுக்கு முழுதாகக் கொண்டுபோக முடியாது. நட்சத்திரக் குறியும் கீவேர்டும் வரும், நுணுக்கமான நிற வேலை வராது. அதனால்தான் ஐந்தாயிரம் படம் சேர்வதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள் என்கிறேன்.

கிராக் செய்த பிரதிகள் வேண்டாம். வைரஸ் ஒரு பக்கம். அப்டேட் கிடைக்காததால் புதுக் கேமராவின் ரா ஃபைலையே அது திறக்காது. பழைய மென்பொருளை நேர்வழியில் வாங்கி வைத்திருப்பவருக்கு அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வர்ட்டர் உதவும், புதுக் கேமராவின் ராவைப் பழைய மென்பொருள் திறக்கக்கூடிய டிஎன்ஜி ஃபைலாக அது மாற்றித் தரும்.

எதை எடுப்பது என்று தீர்மானிக்க விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். நீங்களே எடுத்த ஐந்து ராக்களை வைத்துச் சோதியுங்கள்: வானத்துக்கு எதிராக நிற்கும் ஆள், ஐஎஸ்ஓ 6400ல் எடுத்த இரவுப் படம், டியூப்லைட்டும் குண்டு பல்பும் கலந்த முகம், வைடு லென்ஸில் கோபுரம், சிவப்புப் பட்டுச்சேலை. ஐந்தையும் ஒவ்வொரு மென்பொருளிலும் செய்து, ஒரு படத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூர்மையையும் நாய்ஸையும் 100 சதவீதப் பெரிதாக்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பட்டுச்சேலையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், நம் ஊர் விசேஷப் படங்களில் அதிகம் வீணாவது அதுதான். அரக்குச் சிவப்பில் சிவப்புச் சேனல் மட்டும் உச்சத்தில் முட்டி நிற்கும். பச்சையும் நீலமும் தாழ்ந்திருப்பதால் வெள்ளை ஹிஸ்டோகிராம் (மொத்த வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) எல்லாம் நலம் என்றே காட்டும். பிரிண்டில் மடிப்பும் ஜரிகை இழையும் தெரியாமல் சேலை ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைக் கேமராவிலும் மென்பொருளிலும் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் இறக்கி, சிவப்பின் சாச்சுரேஷனை மட்டும் குறையுங்கள். ஒட்டுமொத்த சாச்சுரேஷனைக் குறைத்தால் முகமும் வெளிறிவிடும்.

எந்த மென்பொருளானாலும் திருத்தம் எங்கே சேமிக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். லைட்ரூம் கிளாசிக் அதைக் கேட்டலாக் என்ற தனித் தொகுப்பில் வைக்கிறது. படங்களை பேக்கப் எடுத்துவிட்டுக் கேட்டலாக்கை விட்டுவிட்டால் உழைப்பெல்லாம் போச்சு. கேட்டலாக் செட்டிங்ஸில் திருத்தங்களைப் படத்தின் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சிறு ஃபைலாகத் தானே எழுதும் வசதியைப் போட்டுவையுங்கள். ஃபோல்டரை விண்டோஸ் வழியாக இடம் மாற்றாதீர்கள், லைட்ரூமுக்குள்ளிருந்தே இழுத்து மாற்றுங்கள். ஏற்கெனவே மாற்றிவிட்டிருந்தால், கேள்விக்குறி விழுந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து புது இடத்தைக் காட்டினால் போதும். டார்க்டேபிள் ஒவ்வொரு ராவின் பக்கத்திலும் எக்ஸ்எம்பி ஃபைல் ஒன்றை எழுதும், ராதெரபிக்குப் பிபி3. குப்பை என்று நினைத்து அவற்றை அழித்துவிடாதீர்கள்.

கடைசி வேலை பிரிண்ட். எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (பெரும்பாலான திரைகளும் லேப்களும் எதிர்பார்க்கும் நிற வரம்பு) ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 12×18 அங்குலத்துக்கு 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கணக்கில் 3600×5400 பிக்சல், உங்கள் கேமராவுக்கு அது தாராளம். பிரிண்ட் இருட்டாக வருகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம், லேப்டாப் திரையை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தியதே. திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் அறை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஒத்துவரும்வரை வெளிச்சத்தை இறக்குங்கள். பிறகு லேபில் ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம் என்று சொல்லி 4×6ல் ஒன்று போட்டுப் பாருங்கள். அதுவும் இருட்டாக வந்தால் எல்லாப் படங்களையும் குத்துமதிப்பாகத் தூக்காதீர்கள். திரையை இன்னும் இரண்டு படி இறக்கி, அதே படத்தைத் திருத்தி மறுபடி ஒரு 4×6 போடுங்கள்.