பங்கு கேட்கும் வாசகருக்கு

கேள்வி: அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்தில் எதிர்ப்புப் பாடல்களின் பங்கு என்ன? பாட்டுப் பாடி ஒரு சட்டமாவது மாறியதுண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: இந்தக் கேள்வியில் பெயரை மறைக்கிற அளவுக்கு என்ன ஆபத்து என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். போன மாதம் தன் தொகுதி எம்.எல்.ஏ.வை வாய்க்கு வந்தபடி திட்டி எழுதியவர்கூடப் பெயர், தெரு, கதவு எண் எல்லாம் போட்டிருந்தார்.

இருக்கட்டும். 'பங்கு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருவோம். எங்களுக்கு வரும் கட்டுரைகளில் பாதிக்கு இதுதான் தலைப்பு. சமுதாய மேம்பாட்டில் இதழ்களின் பங்கு. விடுதலைப் போரில் நாடகத்தின் பங்கு. ஒருமுறை, தமிழர் வாழ்வில் பனையின் பங்கு. கருத்தரங்கில் சான்றிதழ் வாங்கிய கையோடு நமக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த பங்குகள் வேறு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாலு வீடு சேர்ந்து ஆடு அடித்துக் கூறு போடுகிறார்களே, அது ஒன்று. (ஈரல் எப்போதும் கூறு போடுகிறவரின் மைத்துனர் வீட்டுக்குத்தான் போகும்.) அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்வது இன்னொன்று, அதனால்தான் அவர்களுக்குப் பங்காளி என்று பெயர், பேச்சுவார்த்தை இல்லாமல் போவதும் அதனால்தான். மூன்றாவது, சந்தையில் விற்கிற பங்கு. 1992-ல் அதில் நான் பட்ட அடியைப் பற்றி வீட்டில் இன்றைக்கும் விசாரணைக் கமிஷன் நடக்கிறது. நாலாவது, நம் கிறிஸ்தவ நண்பர்கள் சொல்லும் பங்கு: கோயிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களும்.

நீங்கள் கேட்டது இந்த நாலாவது என்றால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். (அங்கே பெரும்பாலும் பாப்டிஸ்ட் சபைகள், பங்கு என்பது கத்தோலிக்கர் சொல் என்று யாரும் கடிதம் போட வேண்டாம். தெரியும்.) அந்தப் பாடல்களில் பெரும்பகுதி கோயிலில் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தவை. போராட்டத்துக்காக உட்கார்ந்து எழுதியவை அல்ல. ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டார்கள், அவ்வளவுதான்.

ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பனி என்றொரு ஊர். 1961 டிசம்பரில் நிறப் பிரிவினையை எதிர்த்து ஊர்வலம் போய்விட்டுத் தேவாலயத்தில் கூடியவர்கள், பெர்னிஸ் ஜான்சன் என்ற 19 வயதுக் கல்லூரிப் பெண்ணைப் பாடச் சொன்னார்கள். தலைக்கு மேலே காற்றில் துன்பம் தெரிகிறது என்று வரும் பழைய பாட்டு ஒன்றை எடுத்தார். பாடும்போதே சுற்றிலும் பார்த்திருக்கிறார். துன்பம் ஒன்றும் கண்ணில் படவில்லை. அந்த இடத்திலேயே துன்பத்தை எடுத்துவிட்டு 'விடுதலை' என்று பாடினார். போராட்டத்தில் கலந்துகொண்டதற்காகக் கல்லூரி அவரை வெளியே அனுப்பியது. அதே ஊரில் இன்னொரு பாட்டு: யாரும் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது என்று போகும். அந்த 'யாரும்' இருக்கிற இடத்தில் ஊர்ப் போலீஸ் தலைவர் லாரி பிரிட்செட்டின் பெயரை வைத்துப் பாடினார்கள், அவர் காதுபடவே. நடவு வயலில் கங்காணியின் பெயரைப் பாட்டுக்குள் இழுத்துவிட்டு, அவர் திரும்பிப் பார்த்தால் நாற்றைப் பார்த்துக்கொள்கிற நம் பெண்களுக்கு இந்த வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டம் மாறியதா? ஆல்பனியில் மாறவில்லை. 500 பேருக்கு மேல் சிறைக்குப் போனார்கள். பிரிட்செட் கெட்டிக்காரர், டிவி கேமரா முன்னால் யாரையும் அடிக்காமல், பக்கத்து ஊர்ச் சிறைகளிலெல்லாம் இடம் பிடித்து வைத்துக்கொண்டு அனுப்பினார். அந்தப் போராட்டத்தைத் தோல்வி என்றுதான் அப்போது எழுதினார்கள். ஆனால் அங்கிருந்துதான் 1962-ல் ஃப்ரீடம் சிங்கர்ஸ் கிளம்பினார்கள். நாலே பேர், பெர்னிஸும் ஒருவர். ஒரு ப்யூக் வண்டியில் 50,000 மைல் சுற்றிப் பாடி, தெற்கில் போராட்டத்தை நடத்திய மாணவர் இயக்கத்துக்குப் பணம் திரட்டினார்கள். ஜாமீனுக்குப் பணம் வேண்டாமா?

நீங்கள் சட்டத்தைக் கேட்கிறீர்கள். நான் மெத்தையைப் பற்றிச் சொல்கிறேன். 1961 கோடையில், பஸ்களில் நிறப் பிரிவினையை மீறிப் பயணம் செய்தவர்களை மிசிசிபியில் பார்ச்மன் சிறையில் அடைத்தார்கள். அவர்கள் ஓயாமல் பாடினார்கள். நிறுத்தாவிட்டால் மெத்தையைப் பிடுங்குவோம் என்றது நிர்வாகம். மெத்தையை எடுத்துக்கொள் என்பதையே ஒரு பாட்டாக்கிப் பாடிவிட்டு, இரும்புக் கட்டிலில் படுத்தார்கள். பாட்டு வெறும் பொழுதுபோக்கு என்று அந்தச் சிறை அதிகாரி நினைக்கவில்லை என்பதைத் திண்டுக்கல் வாசகர் கவனிக்க வேண்டும். 'பிரச்சாரப் பாட்டு கலையே ஆகாது' என்று முப்பது வருடமாக என்னோடு மல்லுக்கு நிற்கும் தூய கலை நண்பரும் கவனிக்கலாம். அவருடைய மெத்தையை இதுவரை யாரும் கேட்டதில்லை.

இனி, அதே மிசிசிபியில் வாக்குரிமைக்குப் போராடிய ஃபேனி லூ ஹேமர். இருபது பிள்ளைகளில் கடைசி. பருத்திக் காட்டில் பங்குக்கு உழுத குடும்பம். நம் பக்கத்தில் வாரம் என்போம். பாருங்கள், ஐந்தாவது பங்கு ஒன்று கிடைத்துவிட்டது. 1962 ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பஸ்ஸில் இண்டியனோலா என்ற ஊருக்கு, வாக்காளராகப் பதிவு செய்யப் போனார்கள். பதிவு செய்ய ஒரு பரீட்சை, கறுப்பர்களை வடிகட்டத்தான். மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். குதிரைக்குக் கிறிஸ்துமஸைப் பற்றித் தெரிகிற அளவுக்குத்தான் எனக்கு அது தெரிந்தது என்று பின்னால் சொன்னார் ஹேமர். நம் ஊர்க் கழுதைக்குக் கற்பூரம், அங்கே குதிரைக்குக் கிறிஸ்துமஸ். தோற்றுத் திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. குற்றம் என்ன தெரியுமா? பஸ் அளவுக்கு மீறி மஞ்சளாக இருக்கிறதாம். பள்ளிக்கூட பஸ் போலத் தெரிகிறதாம். 100 டாலர் அபராதம் கேட்டு, எல்லோர் பையிலும் தேறிய 30 டாலரில் விட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு நடுக்கம். அந்த பயத்துக்கு நடுவே, ஹேமர் தன் பாட்டில் கோயில் பாட்டுகளைப் பாடத் தொடங்கினார். அதுவரை அவர் யாரென்றே மாணவர் இயக்கத்தாருக்குத் தெரியாது. அன்று இரவே 18 வருடம் வேலை செய்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

(எங்கள் இதழின் தாள் மஞ்சளாக இருக்கிறது என்று மாதம் தவறாமல் எழுதும் மதுரை வாசகர் அபராதத் தொகையையும் குறிப்பிட்டால் நல்லது.)

இப்போது எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, 'வீ ஷல் ஓவர்கம்', வெல்வோம் என்று அர்த்தம். பள்ளி விழாக்களில் பிள்ளைகள் இந்தியில் பாடும் 'ஹம் ஹோங்கே காம்யாப்' இதன் மொழிபெயர்ப்புதான். இந்தியில் எழுதியவர் கிரிஜா குமார் மாத்தூர். 1945-46-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சுருட்டு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கறுப்பினப் பெண்கள் அதில் நிறைய. லுசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி கோயில் பாட்டு ஒன்றை மெதுவாக இழுத்துப் பாடுவார். அங்கிருந்து டென்னசியில் ஒரு தொழிலாளர் பயிற்சிப் பள்ளிக்கும், நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரிடமும், 1960-ல் மாணவர்களிடமும் போனது. 1960-லும் 1963-லுமாக வெள்ளைக்கார இசைக்காரர்கள் நாலு பேர் பெயரில் காப்புரிமை பதிவானது. வேறு யாராவது பதிவு செய்து சம்பாதித்துவிடக் கூடாது என்பதற்காக என்றார்கள். வந்த பணமும் தெற்கத்திக் கறுப்பின மக்களுக்கான நிதிக்குத்தான் போனது. ஆனாலும் சுருட்டு ஆலைப் பெண்களின் பெயர் அதில் இல்லை. வழக்கு நடந்து 2018-ல் பாட்டு பொதுச் சொத்தானது. பங்காளிச் சண்டை என்றேனே.

அதைவிடப் பெரிய சண்டை அதன் முதல் சொல்லில் இருக்கிறது. கோயில் பாட்டில் அது 'நான்'. போராட்டத்தில்தான் 'வீ' ஆயிற்று. பெர்னிஸுக்கு இதில் ஒரு மனக்குறை இருந்தது. எங்கள் வழக்கத்தில் எல்லோரும் வருவார்கள் என்று காட்ட 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'வீ' என்றால் யார் வருவார்களோ, யாருக்குத் தெரியும் என்பார். 1965 மார்ச் 15 அன்று ஜனாதிபதி ஜான்சன் நாடாளுமன்றத்தில் வாக்குரிமைச் சட்டம் கேட்டுப் பேசும்போது இதே அடியைச் சொன்னார். முந்தைய வருடம் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஹேமர் தான் பட்டதைச் சாட்சியாகச் சொன்னபோது, அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டி டிவி கேமராவைத் தன் பக்கம் இழுத்தவர் இவர்தான். அவரே இப்போது, கறுப்பர்கள் மட்டுமல்ல, நாம் எல்லோரும் வெல்ல வேண்டும் என்றார். மாணவர் இயக்கத்தின் ஜேம்ஸ் ஃபோர்மனுக்கு, ஒரு நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டாரே என்று எரிச்சல். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே 'வீ'. இந்தி 'ஹம்'முக்கும் இந்த வம்பு கிடையாது. தமிழில்தான் அகப்பட்டுக்கொள்வோம்: மாணவர்கள் பாடியது நாங்களா, நாமா?

பல வருடம் முன்பு ஒரு சிறப்பிதழுக்காக இந்தப் பாட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்தோம், நானும் ஒரு கவிஞரும். போலீஸ்காரரைப் பார்த்துப் பாடுகிற பாட்டு, அதனால் 'நாங்கள்' என்றேன் நான். போலீஸ்காரரையும் சேர்த்துப் பாடுவதுதான் அதன் அழகு, 'நாம்' என்றார் அவர். இரவு பதினொன்றரைக்கு அச்சகத்திலிருந்து போன் வந்தது. அந்தப் பக்கத்தில் பிரஷர் குக்கர் விளம்பரம் போட்டோம். கவிஞர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.