வெள்ளிப் பதக்கத்தில் மணலின் அலைவரி வருவது எப்படி?

சில வெள்ளிப் பதக்கங்களில் காணும் மணல் அலைபோன்ற வரிகள் கையால் செதுக்கியவையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. அந்தப் பதக்கம் கணவாய் மீனின் உள் ஓட்டில் (கடல்நுரை) வார்த்தது. வரிகள் அந்த ஓடு வளர்ந்த அடுக்குகளே.

நன்றாகக் காய்ந்த ஓட்டை நெடுக்காக அறுத்து, இரு முகங்களையும் இடைவெளியின்றிப் பொருந்தும்வரை மணல்தாளில் தேய்க்க வேண்டும். தூசி நுரையீரலுக்குக் கெடுதி, முகக்கவசம் அவசியம். ஒரு முகத்தில் வடிவத்தைக் குடைந்து, மென்தூரிகையால் மெல்லத் துடைத்தால் அடுக்குகளுக்கு இடையிலுள்ள மென்பகுதி உதிர்ந்து வரிகள் எழும்பும். அழுத்தினால் வரியே போய்விடும்; இங்கேதான் பொறுமை வேண்டும். பிறகு மேலே உலோகம் ஊற்றப் புனல்வாய், பக்கங்களில் காற்று வெளியேறக் கீறல்கள். இரு பாதிகளையும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள்.

92.5 சத வெள்ளி சுமார் 893 டிகிரி செல்சியஸில் முழுதாக உருகும். மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணம்) வெண்காரம் (போராக்ஸ்) தூவி, உலோகம் கண்ணாடிபோல் மினுங்கி உருளும்போது ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சூடு போதாவிட்டால் ஓரங்கள் நிரம்பாது. புனலும் நிறைய வேண்டும்: ஆறும்போது வெள்ளி சுருங்கும், அதை ஈடுகட்ட அங்கிருந்துதான் உலோகம் இறங்கும். இல்லையென்றால் பதக்கத்தில் குழி விழும். ஓட்டில் ஈரமிருந்தால் நீராவி உலோகத்தையே வெளியே தெறிக்கவைக்கும், ஆபத்து.

ஓடு கருகிவிடுவதால் அச்சு ஒருமுறைக்குத்தான். அதனால் ஒவ்வொரு பதக்கத்தின் வரியும் தனி.