உங்களுக்கு மிகவும் பிடித்த அறிவியல் புனைவு நாவல் எது? ஏன் பிடிக்கும்?

ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் எழுதி 1969இல் வெளிவந்த 'தி லெஃப்ட் ஹாண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலைச் சொல்வேன். தலைப்பை 'இருளின் இடக்கை' என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய்தான் பள்ளி நாட்களில் என்னை இந்த வகை எழுத்துக்குள் இழுத்து வந்தது. பின்னாளில் ஸ்தானிஸ்லாவ் லெமின் 'சோலாரிஸ்' சில வாரங்கள் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஆனாலும் நான் மூன்று முறை முழுதாகப் படித்ததும், ஒரு முறை வாய்மொழியாக இன்னொருவருக்குச் சொல்லி முடித்ததும் லெ குவினின் நாவலைத்தான். அதைச் சொல்ல முயன்றபோதுதான் அது ஏன் பிடித்தது என்பதே எனக்குப் புரிந்தது.

கதை கெத்தன் என்ற கோளில் நடக்கிறது. ஆண்டு முழுவதும் குளிர் விலகாத அந்தக் கோளுக்கு, எண்பத்து மூன்று உலகங்கள் சேர்ந்த எக்குமென் என்னும் கூட்டமைப்பின் தூதனாக ஜென்லி ஐ என்பவன் தனியாக வந்து இறங்குகிறான். ஒருவன் வந்தால் வேடிக்கை, இருவர் வந்தால் படையெடுப்பு என்பது அந்தக் கூட்டமைப்பின் கணக்கு. கெத்தன் மக்கள் நம்மைப் போன்ற மனிதர்களே. ஆனால் அவர்களில் ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது. இருபத்தாறு நாள் சுழற்சியில் சில நாட்கள் மட்டுமே அவர்களுக்குப் பால் வேட்கை எழும்; அப்போது ஒருவர் ஆணாவதும் பெண்ணாவதும் அவர் விருப்பத்தில் இல்லை. ஆகையால் ஒரே ஆள் ஒரு பிள்ளைக்குத் தாயாகவும் இன்னொரு பிள்ளைக்குத் தந்தையாகவும் இருக்க முடியும். யார் வேண்டுமானாலும் கருவுறலாம் என்பதால், பிள்ளை பெறும் பாரம் ஒரு பாலார் தலையில் மட்டும் விழுவதில்லை.

இந்த ஒரு கற்பனையை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தையே அவர் கட்டி எழுப்பும் விதம்தான் வியப்பு. லெ குவினின் தந்தை ஆல்ஃபிரட் குரோபர் பெயர்பெற்ற மானுடவியலாளர். அந்த வீட்டில் வளர்ந்தவரின் கை, நாவலின் அத்தியாயங்களுக்கு நடுவே வரும் புராணக் கதைகளிலும் கள ஆய்வுக் குறிப்புகளிலும் தெரிகிறது. கெத்தனில் பறவைகளே இல்லை. சிறகுள்ள எதையும் கண்டிராத மக்களுக்கு விமானம் செய்யும் எண்ணமே தோன்றவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். அங்கே நடப்பாண்டு எப்போதும் முதலாம் ஆண்டுதான். புத்தாண்டு பிறக்கும்போதெல்லாம் கடந்த ஆண்டுகளின் எண்கள் ஒவ்வொன்று பின்னே தள்ளிப்போகும். இப்படிப்பட்ட சின்னஞ்சிறு தகவல்களுக்காகவே நான் இந்த நாவலைத் திரும்ப எடுத்துப் புரட்டுவது உண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கத்திரி வெயில் காலத்தில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, பன்னிரண்டு வயதான அக்கா மகளுக்கு இந்தப் பனிக்கதையை ஒவ்வோர் இரவும் கொஞ்சமாகச் சொன்னேன். முதல் இரவிலேயே மாட்டிக்கொண்டேன். தூதனுக்கு உதவ முயலும் பிரதமர் எஸ்ட்ராவனை எப்படிக் குறிப்பது? எழுத்துத் தமிழில் 'அவர்' என்று எழுதிவிட்டால் ஆண், பெண் என்ற கேள்வியே எழாது. 'அவர் வந்தார்' என்பது இருபாலுக்கும் பொருந்தும். ஆங்கிலத்துக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறதே என்று பல நாட்கள் மனத்துக்குள் பெருமைப்பட்டிருந்தவன் நான். ஆனால் வாயால் சொல்லும்போது அந்த வசதி போய்விடுகிறது. 'அவரு' என்றேன், அவள் மனத்தில் மீசை வைத்த ஒரு பிரதமர் வந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் 'அவங்க' என்று மாற்றினேன். "அப்படின்னா அது பொம்பளையா மாமா? நேத்து ஆம்பளைன்னு சொன்னீங்க?" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நான் நேற்றும் ஆம்பளை என்று சொல்லவில்லை. பேச்சுத் தமிழ் சொல்லிவிட்டது.

லெ குவினும் இதே இடத்தில்தான் தடுமாறினார் என்பது எனக்கு ஆறுதல். நாவல் முழுவதும் கெத்தன் மக்களை ஆண்பால் சுட்டாகிய 'ஹி' என்றே எழுதினார். நாவல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ, நெபுலா ஆகிய இரு விருதுகளையும் பெற்றது. கூடவே, இவர்கள் எல்லாரும் ஆண்களாகவே தெரிகிறார்களே என்ற விமர்சனமும் வந்தது. 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில், புதிதாக ஒரு சுட்டுப்பெயரை உண்டாக்கி ஆங்கிலத்தைச் சிதைக்க மாட்டேன் என்று அவர் வாதாடினார். பத்தாண்டுக்கும் மேல் கழித்து அதே கட்டுரைக்குத் தாமே குறிப்புகள் சேர்த்து, அந்த நிலைப்பாட்டிலிருந்து வெளிப்படையாக விலகிக்கொண்டார். அந்தக் கட்டுரைக்கும் முன்பே, அதே கோளில் நடக்கும் 'வின்டர்ஸ் கிங்' என்ற தம் சிறுகதையை 1975ஆம் ஆண்டுத் தொகுப்புக்காகத் திருத்தியபோது, அரசன் என்ற பட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு சுட்டை மட்டும் பெண்பாலாக்கிப் பார்த்தார். அதாவது, நான் மொட்டை மாடியில் ஒரே இரவில் செய்த மாற்றத்தை அவர் அச்சிலேயே செய்து பார்த்திருக்கிறார்.

நாவலில் அரசன் கருவுற்றிருந்தான் என்ற செய்தி நான்கே சொற்களில் வரும். ஆங்கில வாசகர்கள் பலரும் எடுத்துக்காட்டும் வாக்கியம் அது. அதை 'அரசர் கருவுற்றிருந்தார்' என்று மரியாதையாகத் தமிழாக்கினால் அதிர்ச்சி பாதியாகக் குறைந்துவிடும். 'அரசன் கருவுற்றிருந்தான்' என்றால்தான் வினைமுற்றில் இருக்கும் 'ஆன்' விகுதி இடறும். தூதன் தங்கியிருக்கும் விடுதியின் உரிமையாளரை அவன் மனத்துக்குள் வீட்டுக்காரம்மா என்றே எண்ணிக்கொள்வதும், எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று கேட்டால், பெற்றது ஒன்றுமில்லை, தந்தையானது நான்கு பிள்ளைகளுக்கு என்று பதில் வருவதும் எனக்கு மிகவும் பிடித்த நகைச்சுவை. ஆனால் அந்த நகைப்பு கெத்தன்காரரைப் பார்த்து அல்ல, பார்க்கும் கண்ணைப் பார்த்து. எஸ்ட்ராவனிடம் பெண்மை என்று தனக்குப் படுவதையெல்லாம் சூழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு, தன்னைக் காக்க நினைப்பவரையே தூதன் நெடுங்காலம் நம்பாமல் இருக்கிறான். கதையின் துயரம் அங்கேதான் தொடங்குகிறது.

பதவி இழந்து நாடு கடத்தப்பட்ட எஸ்ட்ராவன், அண்டை நாட்டுச் சிறை முகாமிலிருந்து தூதனை மீட்ட பிறகு, இருவரும் ஒரு சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பெரும் பனிப்பாளத்தை ஏறத்தாழ எண்பது நாட்கள் நடந்து கடக்கிறார்கள். ஒரு கூடாரம், ஒரு சிறு அடுப்பு, அளந்து தின்னும் உணவு. ஓரிடத்தில் வெள்ளை மேகமும் வெள்ளைப் பனியும் ஒன்றாகி நிழலே இல்லாமல் போய்விடும். வெளிச்சம் நிறைய இருந்தும் மேடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் கால் நகர மறுக்கும். நடப்பதற்கு நிழலும் வேண்டும் என்பதை அவர்கள் அங்கே கற்கிறார்கள். தலைப்பின் பொருளும் அந்தப் பக்கங்களில்தான் உறைக்கும். இன்னோர் இரவில், வாய் திறவாமல் மனத்தால் பேசும் கலையைத் தூதன் எஸ்ட்ராவனுக்குக் கற்றுத் தருகிறான். பலமுறை தோற்று, ஒருவழியாக அந்தக் குரல் எஸ்ட்ராவனின் மனத்துக்குள் கேட்கும்போது, அது தூதனின் குரலாக இல்லை. எப்போதோ இறந்துபோன தன் உடன்பிறப்பின் குரலாக இருக்கிறது.

இந்தக் கூடாரப் பகுதியைச் சொன்ன இரவில் நான் எங்கும் திக்கவில்லை. இருவர் மட்டுமே இருக்கும் இடத்தில் 'நீ', 'நான்', 'நாம' என்ற சொற்களே போதுமானவையாக இருந்தன. இவை எதற்கும் தமிழில் ஆண்பால், பெண்பால் இல்லை. முழுக்க உரையாடலாகவே சொல்லிக்கொண்டு போனேன். அவளும் இடைமறிக்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தபோது, அந்தக் குரலைப் பற்றிக் கேட்டாள்.

"செத்துப்போனது கூடப் பிறந்தவங்கன்னு சொன்னீங்களே, அண்ணனா, அக்காவா?"

"மூத்தவங்க" என்றேன்.