தட்டில் வளர்ந்தால் போதாதா?

வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

சிறுநீரை வடிக்கச் செருகும் குழாயான கதீட்டரில் படரும் கேண்டிடா என்ற பூஞ்சை பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் நுண்ணுயிரியல் முதுகலை மாணவி. எங்கள் ஆய்வகத்தில் சிலிகான் கதீட்டரை நறுக்கித் தட்டில் போட்டு, ஊட்டத் திரவத்தையும் கேண்டிடாவையும் விட்டால் இரண்டே நாளில் நல்ல படலம் வந்துவிடுகிறது. இவ்வளவு சுலபமாக வளர்வதைச் சுண்டெலியின் வயிற்றுக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டுமா? எனக்கு அது வீண் கொடுமையாகப் படுகிறது. எலியில் கண்டது மனிதருக்கும் பொருந்தும் என்று எதை வைத்து நம்புவது?

அன்புடன்,
ரேவதி

பதில்

அன்புள்ள ரேவதி,

படலம் வந்துவிடுகிறது, சரி. எதைத் தின்று வந்தது? நீங்கள் விட்ட திரவத்தில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் தாராளமாக இருக்கின்றன. சிறுநீரில் அந்த விருந்து கிடையாது. குழாய் இல்லாத சுண்டெலியின் சிறுநீர்ப்பைக்குள் கேண்டிடாவை விட்டால் பெரும்பாலும் அது நிலைப்பதில்லை. கூடவே ஒரு குழாய்த் துண்டு இருந்துவிட்டால் தங்கிவிடுகிறது. அந்தத் துண்டு அங்கே அப்படி என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. உங்கள் தட்டில் அந்தக் கேள்வியே எழாது.

குழாய் சிறுநீர்ப்பையின் உள்சுவரை உரசிப் புண்ணாக்குகிறது. புண் என்றதும் உடம்பு தன் வழக்கமான வேலையில் இறங்கிவிடும். ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் அங்கே கசிந்து, குழாயின் மேல் பூச்சாகப் படிகிறது. கிருமி பிடித்துக்கொள்வது இந்தப் பூச்சைத்தான். 2014இல் என்டெரோகாக்கஸ் பாக்டீரியாவை வைத்துச் சுண்டெலியில் இதைக் காட்டினார்கள். கேண்டிடா அல்பிகன்ஸும் அதே வழிதான்: ஈஸ்ட்டாக இருப்பது இழைவிட்டு நீள்கிறது, ஏ.எல்.எஸ்.1 என்ற ஒட்டுப்புரதத்தால் ஃபைப்ரினோஜனைப் பற்றிக்கொள்கிறது. ஆக, கிருமி ஒட்டாத பிளாஸ்டிக்கைத் தேடி அலைந்தவர்கள் பாதி நேரம் தவறான பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொடுமை என்கிறீர்கள். மறுக்க மாட்டேன். மெல்லிய ஊசியில் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் சிலிகான் குழாயைக் கோத்து, மயக்கத்தில் கிடக்கும் பெண் சுண்டெலியின் சிறுநீர்த் துவாரம் வழியே உள்ளே தள்ளி, ஊசியை மட்டும் உருவ வேண்டும். நான் முதல் தடவை செய்தபோது கை நடுங்கி, துண்டு பாதி வழியிலேயே நழுவிவிட்டது. அந்தச் சுண்டெலி கணக்கில் சேரவில்லை. கணக்கில் சேர்ந்தவற்றைவிட அந்த ஒன்றுதான் இன்றுவரை உறுத்துகிறது. விலங்குகளைத் தவிர்க்கப் பார், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று 1959இலேயே பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ரஸ்ஸலும் பர்ச்சும் எழுதிவைத்துவிட்டார்கள். கை பழகாதவனை நேராக எலியிடம் அனுப்புவது அதில் எதிலும் சேராது.

அப்புறம், பொருத்தம். சுண்டெலி மனிதரின் நகல் அல்ல. அதன் சிறுநீர் நம்முடையதைவிட மிக அடர்த்தியானது, புரதமும் அதிகம். உள்ளே வைக்கும் துண்டு வெறுமனே கிடக்கிறது, நோயாளியின் குழாயைப் போலச் சிறுநீரை வெளியே வடிப்பதில்லை. ஆண் எலியில் குழாய் செருகுவது கடினம் என்பதால் பெண் எலிகளே பயன்படுகின்றன. ஆய்வகச் சுண்டெலியின் குடலில் இயல்பாகக் கேண்டிடா அல்பிகன்ஸ் குடியிருப்பதும் இல்லை. அதனால் நோயாளியின் சொந்தக் குடலிலிருந்து பூஞ்சை குழாய்க்கு வந்து சேரும் கதையை இந்தச் சுண்டெலிச் சோதனை சொல்லாது. இவ்வளவுக்குப் பிறகும் நான் நம்புவது ஒரே காரணத்தால்: நோயாளிகளிடமிருந்து கழற்றிய கதீட்டர்களிலும் அதே ஃபைப்ரினோஜன் பூச்சு இருந்தது. 2022இல் சிலிகான் எண்ணெயில் ஊறவைத்த குழாயைச் சுண்டெலியில் வைத்துப் பார்த்தார்கள். புரதம் படிவது குறைந்தது, கிருமிகள் குடியேறுவதும் குறைந்தது, கேண்டிடா உட்பட.

எலி ஒருமுறை சொல்லிவிட்டதைத் திரும்பத் திரும்ப அதனிடமே கேட்க வேண்டியதில்லை. அடுத்த தடவை ஊட்டத் திரவத்தை ஒதுக்கிவிட்டு, வடிகட்டிய மனிதச் சிறுநீரை விடுங்கள். ஒரு துண்டை ஃபைப்ரினோஜன் கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டு எடுங்கள், பக்கத்தில் வெறும் துண்டு ஒன்றையும் போடுங்கள். 48 மணி நேரம் கழித்து இரண்டையும் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். படம் எடுத்தால் அதையும் அனுப்புங்கள்.