மீன் தொட்டி பைப் ஜொயின்டில் தண்ணீர் கசிகிறது. மேலால் கம் பூசினால் நிற்குமா?

நிற்காது. இரண்டு நாள் நின்ற மாதிரி இருக்கும், மூன்றாம் நாள் திரும்பவும் வரும். கேள்வியைப் பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை பூசிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று படுகிறது. நானும் பூசினேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பைப் வேலை செய்கிற பாஸ் இல்லை. நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருக்கிறேன். "லயத்தில் இருக்கிறவனுக்கு எதற்கு மீன் தொட்டி" என்று கேட்க நினைப்பவர்களுக்கு: எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும், சொந்தக் காசில் வாங்கினேன். மூன்றடித் தொட்டி, அதன் கீழே ஃபில்டர் தொட்டி, மேலே தண்ணீர் ஏற்ற ஒரு மோட்டர். எங்கள் குளிருக்கு ஹீட்டர் இல்லாமல் வளர்கிறது கோல்ட்ஃபிஷ்தான். நான்கு வைத்திருக்கிறேன்.

தண்ணீர் ஏறுகிற பைப்பில் ஓர் எல்போ, அதாவது பைப் திரும்புகிற இடத்து வளைவுத் துண்டு, கசிய ஆரம்பித்தது. விநாடிக்கு ஒரு சொட்டு இருக்கும். சின்ன விசயம் என்று விட்டுவிடாதீர்கள். 20 சொட்டு ஒரு மில்லிலீட்டர் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 4 லீட்டருக்கு மேல் போகிறது. நான் மேலால் கம் பூசினேன், பிறகு சிலிக்கன் பூசினேன். சிலிக்கன் கண்ணாடியைப் பிடிக்கிற மாதிரி பிவிசியைப் பிடிக்காது. பிரித்து இழுத்தால் தோலாகக் கழன்று வரும்.

பிவிசி கம் என்று நாம் சொல்வது உண்மையில் ஒட்டுப்பசை இல்லை. அது பைப்பின் வெளிப்பக்கத்தையும், பைப் செருகுகிற சொக்கட்டின் உள்பக்கத்தையும் கரைத்து, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக்காக ஆக்குகிறது. அதிலுள்ள திரவம் ஆவியாகிப் போன பிறகுதான் அந்த இடம் கெட்டிப்படும். வெளியில் எவ்வளவு பூசினாலும் உள்ளே தண்ணீர் வருகிற வழி அப்படியேதான் இருக்கும். ஈரத்தின் மேல் அது பிடிப்பதும் இல்லை.

அதனால் எல்போவை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போட முடிவு செய்தேன். அந்த முடிவு சரி. போட்ட விதம்தான் பிழை. ஜனவரி மாதம், கொழுந்தைப் பனி கருக்குகிற நேரம். வேலை முடிந்து வந்து, பொழுது சாய்ந்து மூடுபனி வாசல்வரை ஏறியிருந்தபோது ஒட்டினேன். பைப்பைச் செருகி ஐந்து விநாடி பிடித்திருப்பேன். அரை மணித்தியாலத்தில் மோட்டரைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

சொக்கட்டின் வாய் கொஞ்சம் அகலமாகவும், உள்ளே போகப்போக ஒடுக்கமாகவும் இருக்கும். கம் இளகி இருக்கும்போது அது பைப்பை மெல்ல மெல்ல வெளியே தள்ளும். இது எனக்கு அப்போது தெரியாது. குளிரிலும் ஈரக் காற்றிலும் கம் காய அதிக நேரம் எடுக்கும் என்பதையும் யோசிக்கவில்லை. நடுச்சாமத்தில் பைப் கழன்று, கீழ்த் தொட்டியில் இருந்த தண்ணீரை மோட்டர் முழுக்கத் தரையில் கொட்டிவிட்டது. லயத்தில் இரண்டு காம்பராவுக்கும் (வீட்டு அறைக்கும்) நடுவில் ஒரே சுவர்தானே. தண்ணீர் சுவருக்கு அடியால் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே தரையில் பத்துக் கிலோ கோதுமை மா மூட்டை.

"தம்பி, மாவெல்லாம் நனஞ்சு போச்சுப்பா" என்று மட்டும்தான் அந்த அக்கா சொன்னார். திட்டவில்லை. அடுத்த நாளே வாங்கிக் கொடுத்தேன். ஆனாலும் பிள்ளைகளுக்குக் காலையில் ரொட்டி சுட வைத்திருந்த மா அது. இன்னும் எனக்கு மனது ஆறவில்லை.

பிறகு செய்தது இதுதான். பைப்பை நேராக அறுத்து, பிசிறைச் சுரண்டி, சேண்ட் பேப்பர் தேய்த்து, துணியால் ஈரமில்லாமல் துடைத்தேன். இரண்டு பக்கமும் கம் பூசி, கால் சுற்றுத் திருகிக்கொண்டே அடிவரை செருகி, ஒரு நிமிடம் அசையாமல் பிடித்தேன். ஒரு முழு நாள் மோட்டர் போடவில்லை. கம் ஜெலி மாதிரி கட்டியாகியிருந்தால் அந்த டின்னை எறிந்துவிடுங்கள். கம் பூசும் முன் தடவுகிற பிரைமர் போடவில்லையே என்று யாராவது வருவார்கள். கிடைத்தால் போடுங்கள், எங்கள் டவுன் கடையில் அன்று இருக்கவில்லை. அந்த ஒரு நாளும் ஃபில்டர் ஸ்பொஞ்சை மீன் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு, ஏர் பம்பை ஓட விடுங்கள். காய விட்டால் அதிலுள்ள நல்ல பக்டீரியா செத்துவிடும்.

அறுக்கும் முன் எந்த ஜொயின்ட் என்று உறுதி செய்யுங்கள். தண்ணீர் மேலே கசிந்து பைப்பிலேயே வழிந்து கீழே சொட்டும். எல்லாவற்றையும் துடைத்து, ஒவ்வொரு ஜொயின்டிலும் பத்திரிகைத் தாள் சுற்றிப் பாருங்கள், மேலே முதலில் நனைகிறதுதான் குற்றவாளி. திருகி மாட்டுகிற திரட் ஜொயின்ட் என்றால் அறுக்க வேண்டியதில்லை. திரட்டில் சுற்றியிருக்கிற பழைய வெள்ளை டேப்பை எடுத்துவிட்டு, புது டேப்பை, திரட்டின் வாயை உங்கள் பக்கம் பார்க்க வைத்து, கடிகார முள் சுற்றுகிற பக்கமாக நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். ஸ்பேனர் போட்டு நெரிக்காதீர்கள், பிளாஸ்டிக் வெடிக்கும். தொட்டியைத் துளைத்து மாட்டுகிற கனெக்டர் என்றால் டேப்பே வேண்டாம். அங்கே தண்ணீரை நிறுத்துவது ரப்பர் வாசர்தான். அது முறுகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவையும் எழுதும்போது எங்கள் லயத்துத் தண்ணீர்ப் பைப்தான் கண்ணில் நிற்கிறது. மலை ஊற்றிலிருந்து வருகிற அந்தப் பைப்பில் ஒரு ஜொயின்ட் வருடக்கணக்காக டயர் டியூப் சுற்றியபடி பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு குடும்பத்துக்கு அதுதான் தண்ணீர். மார்ச் மாத வறட்சியில் கொழுந்து பறித்துவிட்டு வருகிற பெண்கள் கேனைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்குகிறார்கள். ஒபிசில் சொன்னால் அடுத்த மாதம் என்கிறார்கள். நானே செலவு பண்ணி மாட்டித் தருகிறேன் என்றேன், தோட்டத்துச் சாமானில் கை வைக்கக் கூடாதாம். ஒரு சொக்கட், ஒரு சின்ன டின் கம், ஒரு நாள் தண்ணீர் நிறுத்தம். கேட்டது அவ்வளவுதான். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் பைப் அரை இஞ்சா முக்கால் இஞ்சா, எல்போவுக்கு இரு பக்கமும் அறுக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். இடம் போதாவிட்டால் நடுவில் ஒரு யூனியன், அதாவது திருகிக் கழற்றி மாட்டுகிற இணைப்பு, போட வேண்டி வரும். எப்படி என்று அளவு பார்த்துச் சொல்கிறேன்.